நான்கு நாள் வேலை

அந்த டிராக்டர் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோதே கிழடு. பெரிய சண்டையில் பீரங்கி இழுத்த வண்டி என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். உண்மையோ பொய்யோ தெரியாது. மலாயாவில், ஈப்போ ரயிலடியில் இறக்கி, சிம்பாங் பூலாய் வரைக்கும் ரோட்டிலேயே ஓட்டி வந்தார்கள். வழி நெடுக அதன் இரும்புப் பல் பதிந்து ரோடு கெட்டுப்போனதால், பிறகு ஒரு மாதம் மாட்டு வண்டிக்காரர்கள் எங்கள் தோட்டத்து ஆட்களைப் பார்த்த இடத்தில் எல்லாம் திட்டினார்கள். வண்டிக்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகளைக் கோத்துச் செய்த பட்டை. அதன் மேல்தான் ஊர்ந்து போகும். அந்தப் பட்டையை நாங்கள் செயின் என்போம். வண்டிக்கும் செயின் வண்டி என்றே பெயராகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதி அது. தோட்டத்தின் மேற்குக் குன்றில் இருந்த காட்டை அழித்து ரப்பர் கன்று நட வேண்டும் என்று துரைக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. காட்டை வெட்ட ஆள் உண்டு. எரிக்கவும் ஆள் உண்டு. ஆனால் அடிக்கட்டை மண்ணுக்குள் நின்று அழுகினால் அதிலிருந்து புதுக் கன்றுகளுக்கு வேர்நோய் வரும் என்று துரை பயந்தார். கட்டையை வேரோடு பிடுங்கத்தான் செயின் வண்டி.

நான் அந்தத் தோட்டத்தில் பிட்டர். உறைந்த ரப்பர் பாலை அழுத்தித் தகடாக்கும் மில், அதை ஓட்டும் இஞ்சின், தண்ணீர் பம்பு, இவை எல்லாம் என் பொறுப்பு. செயின் வண்டியும் வந்து அதில் சேர்ந்தது. கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பிப் போய்விட்டதால் ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

பெரட்டுக் களத்தில், விடியற்காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தில், துரை எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அவர் பேசுவது தோட்டத் தமிழ். "யாரு ஓட்டும்? பயம் இல்லாத ஆள் வேணும்."

ஒருவரும் அசையவில்லை. என் தங்கையின் கணவர் மட்டும் முன்னே வந்தார். அதுவரை ரப்பர் தகடுகளை ரயிலடிக்கு ஏற்றிப் போகும் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"மாடு சொன்னா கேக்காது தொரை. இது சொன்னா கேக்குந்தானே?" என்றார். துரைக்குப் புரிந்ததோ இல்லையோ, அவரும் சிரித்தார்.

மாப்பிள்ளை அப்படிப்பட்டவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார், உரக்கச் சொல்வார். இஞ்சின் சத்தத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து காது மந்தமான பிறகு இன்னும் உரக்கப் பேசினார். வெயிலில் இரும்பு ஆசனம் கொதிக்கும் என்று நனைத்த கோணிச் சாக்கை மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே மில் வாசலுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, வண்டிக்கு அன்று என்ன கோளாறு என்று எனக்குச் சொல்வார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும். "இன்னிக்கி இருமுது மச்சான். தண்ணியும் நெறைய குடிக்குது." நான் மறுநாள் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தங்கையும் நானும் ஒன்றாகக் கப்பலேறி வந்தவர்கள். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த அறை எனது. இரண்டு வேளைச் சோறும் அவள் கையால்தான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை கத்திப் பேசுவதும், குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதும், தங்கை "மெதுவாப் பேசுங்க, கல்லுமலைக்கே கேக்குது" என்று சிரிப்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாம் வருஷ மழைக்காலத்தில் செயின் தொங்க ஆரம்பித்தது.

அது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செயின் பின்னால் ஒரு பல் சக்கரத்தையும் முன்னால் ஒரு வழுவழுப்பான சக்கரத்தையும் சுற்றி ஓடும். ஓட ஓடத் தகடுகளைக் கோத்திருக்கும் ஊசிகள் தேய்ந்து செயின் நீளும். அப்போது முன்சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளினால் செயின் மறுபடி விறைப்பாகிவிடும். தள்ளுவதற்கென்று இரண்டு பக்கமும் மணிக்கட்டுப் பருமனில் மரை வெட்டிய தண்டு ஒன்றும், அதில் பெரிய நட்டு ஒன்றும் இருக்கும். நட்டைத் திருப்பினால் தண்டு நகர்ந்து சக்கரத்தைத் தள்ளும். நன்றாக இருக்கிற வண்டியில் இது கால் மணி நேர வேலை. ஆனால் அந்த நட்டு இருக்கும் இடம் செயினுக்கு உள்ளே, சேறு வந்து அடைகிற இடம். எங்களிடம் வருவதற்கு முன்பே யாரும் அதற்கு கிரீஸ் வைத்திருக்கவில்லை. நானும் வைக்கவில்லை. குன்றின் செம்மண் அதற்குள் புகுந்து, நனைந்து, காய்ந்து, துருவோடு சேர்ந்து கல்லாகிவிட்டது.

"எடது பக்கம் செயின் தொங்குது மச்சான். திருப்பும்போது மேல எகிறி எகிறி உக்காருது" என்று ஒரு சாயங்காலம் சொன்னார்.

மறுநாள் போனேன். நான்கடி ஸ்பேனரைப் போட்டு அரை மணி நேரம் தொங்கினேன். நட்டு அசையவில்லை. வலது பக்கத்தையும் பார்த்தேன், அதுவும் அப்படியே.

"செயின்ல ஒரு தகட்ட எடுத்துட்டா கட்டையாயிடாதா?" என்று கேட்டார்.

"எடுத்தா ரொம்பக் கட்டையாயிடும். சக்கரத்தைப் பின்னால கொண்டு வரணும். நட்டுதான் எந்தப் பக்கமும் போகலையே."

"அப்ப சூசாதான்" என்றார். கஷ்டம் என்பதற்கு நாங்கள் எல்லாரும் மலாயில் அப்படித்தான் சொல்வோம்.

"எண்ணெய் ஊத்தி ஊற வச்சு, சூடு காட்டித்தான் கழட்டணும். வண்டிய நாலஞ்சு நாள் நிறுத்தணும். மில்லு இஞ்சின்ல பேரிங் போயிருச்சு, தொரை அதத்தான் முதல்ல பாக்கச் சொல்லியிருக்காரு. அடுத்த வாரம் பாக்கலாம். அதுவரைக்கும் சரிவுல திருப்பாதீங்க, மெதுவா ஓட்டுங்க."

"சரி மச்சான்."

நான் சொன்னதில் பொய் இல்லை. மில் இஞ்சின் உண்மையிலேயே நின்றிருந்தது. அடுத்த வாரம் அது ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றுவரைக்கும் என்னை விடவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். யாரோ செயின் வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல் உரத்த குரலில், "எங்க மச்சான் கையில நாலடி ஸ்பேனரு இருக்கு. நட்டுதான் அவர மதிக்க மாட்டேங்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய எல்லாப் பேச்சையும் போன்ற ஒரு பேச்சு. ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகும் அது என் காதில் நின்றது. மறுநாள் மில்லில் ஒரு வேலையாள் என்னைப் பார்த்து, "என்ன பிட்டரே, நட்டு மதிச்சிச்சா?" என்று கேட்டான்.

மறு வாரம் மாப்பிள்ளை வந்து நினைவுபடுத்தினார். பம்பைப் பார்க்க வேண்டும் என்றேன். பம்பில் ஒன்றும் பெரிதாக இல்லை. அதற்கும் மறு வாரம் வந்தார். "வேலை இருக்கு, பாக்கலாம்" என்றேன், முகத்தைப் பார்க்காமல். கொஞ்ச நாள் காத்திருக்கட்டும், என் வேலையின் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் இதுவே போதுமானதாக இருந்துவிட்டது.

அவருக்கு என் கோபம் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் உடனே கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லியிருப்பார். மூன்று முறை சொன்னார். நான்காவது முறை சொல்லவில்லை.

விபத்து நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. முந்திய நாள் நல்ல மழை. நான் மில்லில் இருந்தேன். குன்றின் பக்கமிருந்து இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது பழகிப்போன சத்தம். அது நின்றதைக் கூட நான் கவனிக்கவில்லை. காட்டு வேலைக்காரர்களில் ஒருவர் சேற்றோடு ஓடி வந்து, "பிட்டரே, ஜாக்கி எடுங்க, ஜாக்கி" என்று கத்தினார்.

சரிவில் கட்டையை இழுத்துக்கொண்டு திரும்பும்போது இடது செயின் கழன்றிருக்கிறது. ஒரு பக்கம் செயின் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பிரேக்கும் இல்லை. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, சுற்றி, கீழே ஒரு பெரிய அடிக்கட்டையில் மோதிச் சாய்ந்து நின்றது. அவர் குதிக்கப் பார்த்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே வண்டிக்கும் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்.

நான் போனபோது அவருக்கு நினைவு இருந்தது. நான் ஜாக்கியைப் போட மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. சாயங்காலம் மில் வாசலில் நின்று சொல்கிற அதே மாதிரி சொன்னார்.

"எடது பக்கம் கழண்டுருச்சு மச்சான்."

அதில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. கோளாறைச் சொல்ல வேண்டியவனிடம் சொன்னார். "பேசாதீங்க மாப்ளே, இதோ தூக்கிட்டேன்" என்றேன். இருபது பேர் கயிறு கட்டி இழுத்து, நான் ஜாக்கியை ஏற்றி, அவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. துரையின் மோட்டாரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில், லகாட்டைத் தாண்டுவதற்குள், என் மடியிலேயே முடிந்துவிட்டது. நான் அதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகு துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிராணி மேசையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மிஷின் சரியா இருந்ததா?" என்று துரை கேட்டார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன்.

"சரியா இருந்துச்சு தொரை."

"அந்த ஆள் குடிச்சதா?"

"முந்தின நாள் ஞாயித்துக்கிழமை... கள்ளுக்கடைக்கு வந்தாரு."

நானும்தான் அன்று கள்ளுக்கடையில் இருந்தேன் என்று சொல்லவில்லை. அவர் காலையில் ஒரு நாளும் குடித்ததில்லை என்றும் சொல்லவில்லை. கிராணி எழுதினார். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் போயிற்று. லயத்தில் அது குடிபோதை என்று ஆகிவிட்டது.

தங்கை என்னிடம் கேட்டாள். "காலையில குடிக்க மாட்டாரே அண்ணே. கஞ்சி குடிச்சிட்டுத்தானே போனாரு. நான்தானே ஊத்திக் குடுத்தேன்."

"ஊரு பேசும், விடும்மா" என்றேன்.

அவள் பால் வெட்டப் போகத் தொடங்கினாள். குழந்தையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் வாளியோடு போவாள். எனக்கு இரண்டு வேளைச் சோறு போடுவதை அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாயும் எனக்கு இறங்காது. சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

செயின் வண்டி விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதைத் தொட யாரும் விரும்பவில்லை. ஒரு வருஷத்தில் லாலாங் புல் அதன் ஆசனம் வரைக்கும் வளர்ந்துவிட்டது. பிறகு பழைய துரை ஊருக்குப் போய்ப் புதுத் துரை வந்தார். அவர் குன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அந்த டிராக்டரை எழுப்பு" என்று என்னிடம் சொன்னார்.

நான்கு நாள் அங்கே வேலை செய்தேன்.

முதல் நாள் புல்லை வெட்டி, கடப்பாரையால் சேற்றைப் பேர்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அப்போதுதான் அந்த நட்டுகளை முழுசாகப் பார்த்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயோடு இஞ்சின் எண்ணெயைக் கலந்து ஊற்றி, மரைத்தண்டைச் சுற்றித் துணியைச் சுற்றி, மறுபடி ஊற்றினேன். வண்டி ஓடுவதே மண்ணெண்ணெயில்தான். அவர் காலடியில் எப்போதும் ஒரு டின் நிறைய இருக்கும். அந்த மூன்று வாரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தினம் வேலை விட்டுப் போகும்போது அவரே ஊற்றிவிட்டுப் போயிருப்பார். இது எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கழன்று கிடந்த செயின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் சுத்தியலால் நட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஓங்கி அடிக்கக் கூடாது, அடித்தால் மரை நசுங்கும். சின்னச் சின்னத் தட்டாக, எண்ணெய் உள்ளே இறங்குகிற மாதிரி. தட்டுவதும் ஊற்றுவதும்.

மூன்றாம் நாள் தீ ஊதும் புளோ லேம்ப்பால் நட்டை மட்டும் சூடு பண்ணினேன். நட்டு சூட்டில் விரியும், உள்ளே இருக்கும் தண்டு அவ்வளவு விரியாது. அந்த இடைவெளியில்தான் வழி கிடைக்கும். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே ஓடும். லகாட்டில் ஈயச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினால் எட்டடி நீளம். அன்று அதில் தொங்கினேன். வலது பக்க நட்டு மதியத்துக்குள் அசைந்தது. இடது அசையவில்லை.

நான்காம் நாள் மதியம் தங்கை சோற்றுத் தூக்கோடு குன்றுக்கு வந்தாள். அதற்கு முன் மூன்று நாளும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவள் வண்டியைப் பார்க்காமல், அந்த அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சற்றுத் தள்ளி, வெட்டிப்போட்ட மரத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"முடிச்சிட்டு வா. சோறு ஆறாது" என்றாள்.

நான் இடது நட்டில் சூடு காட்டி, மெழுகு விட்டு, குழாயைப் பிடித்தேன். கழற்றும் பக்கம் போகாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு தள்ளிப் பார்க்க வேண்டும். துரு உடைவது பெரும்பாலும் அப்படித்தான். தள்ளினேன். க்ரீச்சென்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி, எண்ணெய் விட்டு, கால் சுற்று, அரைச் சுற்று. பிறகு குழாய் வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனர் போதுமானதாக இருந்தது. முன்சக்கரம் மெல்ல முன்னே நகர்ந்தது.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"அது என்ன அண்ணே?" என்று தங்கை கேட்டாள். அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"செயின இழுத்துப் பிடிக்கிற நட்டு. இறுகிப் போயிருந்துச்சு."

"சும்மா கெடந்ததுல இறுகிருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே இறுகித்தான் இருந்துச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்கிட்ட சொன்னாரு. மூணு தடவ சொன்னாரு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மில் இஞ்சினை, பம்பை, கள்ளுக்கடையில் அவர் சொன்ன வார்த்தையை, எனக்கு வந்த கோபத்தை, ஆபீசில் நான் சொன்ன பொய்யை. சொல்லி முடிக்கும்வரை அவள் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து ஒரு விரலால் அதைத் தொட்டாள். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இதக் கழட்ட எத்தன நாளாச்சு?"

"நாலு நாளு."

"நாலு நாளு" என்று திருப்பிச் சொன்னாள். "நாலே நாளு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு வருஷமாக அழுது முடித்திருந்தாள்.

"அவர குடிகாரன்னு சொல்றாங்க அண்ணே. எம் புள்ளகிட்ட கூட ஒருத்தி சொல்லிட்டா. நீ போயி தொரைகிட்ட சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, சரிவில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே புதுத் துரையிடம் போனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார். நடுவில் ஒரு முறை கிராணியைப் பார்த்தார். பிறகு, "பழைய ரிப்போர்ட் போயிட்டது. அத இப்ப மாத்த ஏலாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டிராக்டர் திங்கக்கெழம ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்றேன். அவர் கல் நெஞ்சுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு என்னைத் தெரியும், டிராக்டரைத் தெரியும்; இறந்தவரைத் தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனேன். பிட்டர் பெரட்டுக்கு வர வேண்டியதில்லை. அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும், "ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தங்கை பால் வாளியோடு பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். சொன்னேன். பின்னால் நின்ற ஒருவர், "சத்தமா சொல்லுங்க, கேக்கல" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குடிக்கவில்லை, வண்டிதான் கெட்டிருந்தது, அதை அவர் என்னிடம் சொன்னார், நான் பார்க்கவில்லை, பிறகு பொய் சொன்னேன். இவ்வளவும் சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கங்காணி, "சரி, வேலைக்குப் போங்க" என்றார். கூட்டம் கலைந்தது. கள்ளுக்கடையில் நட்டைப் பற்றிய பேச்சுக்குச் சிரித்தவர்களில் ஒருவர், தலையைக் குனிந்தபடி என்னைக் கடந்து போனார்.

செயினை மறுபடி மாட்டி இறுக்கினேன்; செயின் வண்டி திங்கட்கிழமை ஓடியது. வேறொருவர் ஓட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த இரண்டு நட்டுகளையும் திருப்பிப் பார்த்து, துடைத்து, கிரீஸ் வைத்தேன். ரப்பர் விலை விழுந்து பஞ்சக் காலம் வந்து கன்று நடுவது நின்று, வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும்வரை அதற்கு வேறு ஆபத்து எதுவும் வரவில்லை.

தங்கை அந்த மாதக் கடைசியிலேயே குழந்தையோடு பீடோருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தோட்டத்தில் பால் வெட்ட ஆள் எடுத்தார்கள். புறப்படும் நாளில் அவளுடைய பெட்டியை நான்தான் தூக்கிப் போய் மோட்டார் பஸ்ஸில் ஏற்றினேன். "வாரேன்" என்றாள். என்றைக்கும் அதோடு சேர்க்கும் அண்ணே அன்று வரவில்லை.

நானும் சில மாதங்களில் அந்தத் தோட்டத்தை விட்டு ஈப்போவில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பீடோருக்குப் போவேன். போனால் தண்ணீர் தருவாள், சோறு போடுவாள், பட்டறையில் வேலை எப்படி என்று கேட்பாள். அந்த விஷயத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை. மன்னித்தாளா என்று நான் கேட்டதும் இல்லை. கேட்டால் அவள் ஏதாவது ஒரு பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவள் மகளுக்குப் பதினைந்து வயதானபோது, நான் போயிருந்த ஒரு நாள், அந்தப் பெண் சோறு பரிமாறிக்கொண்டே தன் தாயிடம், "அப்பா எப்படிம்மா செத்தாரு? வண்டி விழுந்துச்சுன்னுதான் சொல்ற. ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"மாமாவையே கேளு" என்றாள்.

சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே, எதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். நான் பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நான் போன இரண்டு முறையும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் முறை வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

நாலரைக்கு என்றேன்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.